பின்படகு

"நான் தட்டினேன். ஒரு தடவை இல்லை, கை நோகிற வரைக்கும்–"

"தட்டினேன், தட்டினேன்னு இன்னும் எத்தனை நாளைக்கு–"

"–துடுப்புக் கட்டையே சிலும்பு சிலும்பாப் போச்சு, வேணும்னா எடுத்துப் பாருங்க–"

"–கேட்டுச்சுன்னுதானே சொல்றேன்."

அவள் நின்றாள். கூடாரத் துணியின் இரண்டு முனைகள் அவள் கையில் இருந்தன, மற்ற இரண்டு முனைகள் அவர் கையில். மடிப்பதற்காக ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவந்து பாதியில் நின்றுபோயிருந்தார்கள். நடுவில் துணி தொட்டில் மாதிரித் தொங்கியது.

"என்ன சொன்னீங்க?"

"கேட்டுச்சு."

"கேட்டும் போனீங்க."

"போனேன். கோவத்துல இருந்தேன், போயிட்டேன். இப்ப என்ன அதுக்கு? முனையைக் குடு."

அவள் முனைகளைக் கொடுக்கவில்லை. தரையில் போட்டாள். கூரைத் தகரத்தில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. கொட்டகைக்குள் ஈரத் துணியும் ரப்பரும் கலந்த வாடை. சுவரோரம் படகுகள் கவிழ்ந்து கிடந்தன. கொட்டகையின் பின்கதவைத் திறந்தால் சேற்றுக் கரை, அதற்கப்பால் தண்ணீர்தான். சாலை அவர்கள் வீட்டு வாசலோடு முடிந்துவிடும். அதற்குமேல் போக வேண்டுமென்றால் துடுப்புதான்.

அவர்கள் பிழைப்பும் அதுதான். நகரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். சத்தமில்லாத இடம் பார்க்க வேண்டும் என்பார்கள். கணவனும் மனைவியுமாக அவர்களைப் படகில் உட்கார வைத்து, துடுப்புப் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, ஏரியைக் கடந்து சதுப்புக்குள் கூட்டிப்போவார்கள். உள்ளே ஒரு காய்ந்த மேடு இருக்கிறது. அங்கே கூடாரம் போட்டுச் சமைத்துப் போட்டு, பறவையும் நீர்நாயும் காட்டி, மறுநாளோ அதற்கு மறுநாளோ திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள்.

கேட்க எளிதாக இருக்கும். ஏரி முடிந்ததும் நாணல் தொடங்கிவிடும், எழுந்து நின்றாலும் தலைக்கு மேல். அதற்குள் ஓடும் வாய்க்கால் ஒன்றரைப் படகு அகலம் இருந்தால் அதிகம். அது போதாதென்று, புல் அடர்ந்த மிதக்கும் திட்டுகள் காற்றுக்கு இடம் மாறும். போன தடவை திறந்திருந்த வழி இந்தத் தடவை அடைத்திருக்கும். முன்படகு வழி பார்க்க வேண்டும், பின்படகு யாரும் விட்டுப்போகாமல் பார்த்து வர வேண்டும். ஒரு வளைவு திரும்பினால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. கூப்பிடவும் கூடாது. நாணலுக்குள் குரல் எல்லாத் திசையிலிருந்தும் வரும், கேட்டவன் குழம்பிப்போவான். கட்டைச் சத்தம் அப்படியில்லை, எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்துதான் வரும். அதனால் முன்னால் போகிறவர் துடுப்பைப் படகின் விளிம்பில் இரண்டு தடவை தட்டுவார். 'இருக்கியா' என்று அர்த்தம். பின்னால் வருகிறவர் ஒரு தடவை தட்டினால் 'இருக்கேன்'. பதில் வராவிட்டால் முன்படகு அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். பின்படகுக்கு ஆபத்தென்றால் விடாமல் தட்ட வேண்டும்.

யாரும் சொல்லிக்கொடுத்த வழக்கமில்லை. கல்யாணத்துக்கு முன்னால், இருவரும் பாய்க் கம்பெனிக்கு நாணல் அறுக்கப் போன காலத்தில், ஆளுக்கொரு படகில் இருந்துகொண்டு அவர்களாகவே உண்டாக்கியது. அப்போது அந்த இரண்டு தட்டுக்குள் வேறு கேள்வியும் இருந்தது.

போன பயணத்தில் அவர் முன்படகு, அவள் பின்படகு. புறப்படும்போதே ஒரு சண்டை. ஈரக் கூடாரத்தைக் காயவைக்காமல் சுருட்டி வைத்துவிட்டார் என்று வந்தவர்கள் எதிரிலேயே அவள் சொல்லிவிட்டாள். அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு முன்னால் போனார். பாதி வழியில் ஒரு திட்டு நகர்ந்து அவள் பாதையை அடைத்தது. அவள் தட்டினாள். விடாமல் தட்டினாள். முன்படகு நிற்கவில்லை. வந்தவர்களில் அவள் படகில் இருந்த புதுமணப்பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். சேற்றில் இறங்கிப் படகைத் தள்ளி, வேறு வழி தேடி, வெயில் சாய்ந்தபின் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், அவர் அடுப்பு மூட்டித் தேநீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் அவளுக்கு ஆறவில்லை.

"சரி," என்றாள் இப்போது. "நாளைக்கு வர்றவங்களுக்கு வாக்குக் கொடுத்தாச்சு. அவங்களைக் கூட்டிட்டுப் போயிட்டு வந்து விட்டுடறேன். அதோட எங்க அக்கா கடைக்குப் போறேன். ரொம்ப நாளா ஆள் இல்லை, வா வான்னுட்டிருக்கா. துணி மடிக்கிற வேலைதான். அதுதான் இங்கேயும் செய்யறேன்."

"அங்க மடிக்கிற துணி காஞ்சிருக்கும்," என்றார் அவர்.

மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

"விளையாட்டுக்குச் சொல்லலை. தண்ணிக்குள்ள என்னைக் கேட்டும் விட்டுட்டுப் போறவர் பின்னாடி நான் வரமாட்டேன். வேற ஆளைப் பாத்துக்குங்க."

வேறு ஆள் கிடையாது. அவருக்கும் அது தெரியும். சதுப்புக்குள் வழி தெரிந்தவர்கள் அவர்கள் இருவர்தான். ஒருவர் போனால் படகுகளைக் கவிழ்த்துப்போட்டு வைத்துக்கொள்ளலாம். அவர் குனிந்து முனைகளைப் பொறுக்கினார்.

"இன்னொண்ணு. இந்தத் தடவை முன்படகு நான். நீங்க பின்னாடி."

அவர் நிமிர்ந்தார். "அது முடியாது."

"ஏன் முடியாது? வழி எனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா முன்படகு நான்தான் போவேன். எப்பவும் போறதுதானே."

"எப்பவும் போனதுதான் பாத்தோமே. பின்னாடி உக்காந்து பதில் சொல்லிப் பாருங்க. அது என்னன்னு தெரியட்டும்."

"முடியாதுன்னா முடியாது–"

"அவ முன்னாடி போகட்டுமேடா." இது சமையலறையிலிருந்து வந்தது. அவருடைய அக்கா. கணவர் போனபின் தம்பி வீட்டோடு வந்து தங்கிவிட்டவள். தெருவில் அவளுக்கு 'மைக்' என்று பெயர். இரண்டு சுவருக்கு அப்பால் உப்பு கேட்டாலும் எதிர்வீட்டுக்காரி உப்போடு வந்து நிற்பாள். "முன்னாடி போனா என்ன, பின்னாடி போனா என்ன. தண்ணி எல்லாம் ஒரே தண்ணிதானே."

"நீ சும்மா இரு அக்கா."

"நான் சும்மா இருந்து இந்த வீட்டுல எப்ப பாத்த?"

அவர் கூடாரத்தைத் தனியாகவே மடிக்கப் பார்த்தார். அது கோணலாக வந்தது. "சரி, முன்னாடி போ," என்றார் கடைசியில், துணியைப் பார்த்து.

சாயந்திரம் நாத்தனாரும் அவளுமாகச் சாமான் கட்டினார்கள். உருளைக்கிழங்கை மண் போகத் தேய்த்துத் துடைத்துச் சாக்கில் போட்டார்கள். முட்டைகளை மரத்தூள் நிரப்பிய தகர டப்பாவில் ஒவ்வொன்றாகச் செருகினார்கள். ரொட்டி, வெங்காயம், கருவாடு, தேயிலை, சர்க்கரை எல்லாம் தண்ணீர் புகாத பைக்குள் போய், பையின் வாய் மூன்று சுற்றுச் சுருட்டிக் கட்டப்பட்டது.

"நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே," என்றாள் நாத்தனார். அவள் குரலைத் தணிப்பது என்றால் மற்றவர்கள் சாதாரணமாகப் பேசுகிற அளவு. "அவனைச் சின்னதுல இருந்து பாக்கறேன். கோவம் வந்தா சாப்பிட மாட்டான். பேச மாட்டான். செருப்பை உதறிட்டுக் கரையில போய் உக்காந்துப்பான். ஆனா விட்டுட்டுப் போறவன் இல்லை."

"அவரே சொல்றார் அண்ணி. கேட்டுச்சு, கேட்டும் போனேங்கறார்."

"சொல்றாந்தான். அதான் எனக்கும் புரியலை." ஒரு முட்டையை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தாள். "இப்பல்லாம் அவன் யார்கிட்டயும் சரியாப் பேசறதே இல்லை. என்கிட்ட மட்டும்தான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றான்."

"நான் வாய்க்குள்ளயே முணுமுணுக்கறேனாம். அப்படித்தான் சொல்றார். இத்தனை வருஷம் முணுமுணுக்காதவ இப்ப முணுமுணுக்கறேனாம்."

"உனக்கு அக்கா கடைதான் சரி. அங்க போனா பேரம் பேசிப் பேசிக் குரல் வந்துடும்." சொல்லிவிட்டு, தன் பேச்சு தனக்கே பிடிக்காததுபோல், டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். "போகாதே," என்றாள் பிறகு.

மறுநாள் காலை வந்தவர்கள் நான்கு பேர். ஒரு பல் டாக்டர், அவர் மனைவி, கழுத்தில் கேமராவோடு டாக்டரின் நண்பர், டாக்டரின் மாமியார். மாமியார் வெள்ளைத் துணிச் செருப்பும் குடையுமாக வந்திருந்தார்.

"எனக்கு நீச்சல் தெரியாது. முன்னாடியே சொல்லிடறேன்," என்றார் கரையில் நின்று.

"விழுந்தா எழுந்து நின்னுடுங்கம்மா. பெரும்பாலும் இடுப்பளவுதான் தண்ணி," என்றார் படகுக்காரர்.

"யார் இடுப்பு?"

டாக்டர், "அத்தை, லைஃப் ஜாக்கெட் போட்டுக்குங்க, இடுப்பை அப்புறம் அளக்கலாம்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். படகுக்காரர் ஒரு கணம் கழித்துச் சிரித்தார்.

முன்படகில் அவளும் டாக்டரின் மனைவியும். நடுப்படகில் டாக்டரும் நண்பரும். பின்படகில் படகுக்காரர், அவருக்கு முன்னால் மாமியார். ஒவ்வொரு படகிலும் பின்னால் இருப்பவர்தான் படகைத் திருப்புவார். முன்னால் இருப்பவர் இழுத்துப் போட்டால் போதும், திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. இதை அவள் எல்லாருக்கும் சொன்னாள். டாக்டருக்கும் நண்பருக்கும் இரண்டு தடவை சொன்னாள். ஏனென்றால் அவர்கள் படகு கரையைவிட்டு நகர்வதற்கு முன்பே ஒரு முழு வட்டம் அடித்திருந்தது.

தூறல் விட்டிருந்தது. காற்று இல்லை. ஏரி கண்ணாடி மாதிரி இல்லை, ஆறிய பாலின் ஏடு மாதிரி இருந்தது. துடுப்பு இறங்கிய இடம் சுருங்கி, பின்னால் மெல்லச் சரியாகிக்கொண்டது. நீர்க்காகம் ஒன்று முளைக் கம்பின் மேல் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டு நின்றது. படகு பக்கத்தில் போயும் அது நகரவில்லை. வெயில் ஏறும்போது நாணல் வந்துவிட்டது. உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் பச்சையாகிவிட்டது. பேச்சு தானாகக் குறைந்தது.

அவள் இரண்டு தட்டு தட்டினாள். பின்னாலிருந்து ஒரு தட்டு வந்தது.

"இது என்ன அக்கா?" என்றாள் டாக்டரின் மனைவி.

அவள் சொன்னாள்.

"நல்லா இருக்கே. வீட்டுலகூட வச்சுக்கலாம். எங்க வீட்டுக்காரர் மாடியில இருந்தா, எத்தனை கூப்பிட்டாலும் என்னன்னு கேக்கமாட்டார்."

"தட்டினாலும் கேக்காதவங்க உண்டும்மா," என்றாள் அவள்.

வளைவுக்கு வளைவு தட்டினாள். பதில் வந்தது. சில தடவை உடனே வந்தது. சில தடவை ஒரு மூச்சு, இரண்டு மூச்சு கழித்து வந்தது. வேண்டாவெறுப்பாகப் பதில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அந்த மனிதர் தட்டுகிற ஒரு தட்டிலேயே முகத்தைத் திருப்பிக்கொள்வது தெரியும் அவளுக்கு. சொல்லட்டும். எப்படிச் சொன்னாலும் சொன்னால் போதும்.

வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வந்தார்கள். இடதுபக்கம் பாதி வாயை ஒரு திட்டு அடைத்திருந்தது. அவள் அதை ஒட்டி உரசிக்கொண்டு இடதுபக்கமே போனாள். நடுப்படகும் நாணலில் இரண்டு தடவை முட்டி, எப்படியோ பின்னால் வந்தது. அதற்கப்பால் போய்த் திரும்பித் தட்டினாள்.

பதில் இல்லை.

மறுபடி தட்டினாள். பதில் இல்லை. முதலில் வந்தது பயமில்லை, கோபம்தான். இங்கேயுமா, என்று. பழிக்குப் பழியா.

"நாணலைப் பிடிச்சுக்கிட்டு இங்கயே நில்லுங்க. எங்கயும் போகாதீங்க," என்றாள் டாக்டரிடம். "போகணும்னாலும் எங்களால எங்க போக முடியும்," என்றார் அவர்.

அவள் படகைத் திருப்பும்போது ஒரு தட்டுச் சத்தம் வந்தது.

அவள் கை நின்றது. அவள் தட்டிக் கேட்கவில்லையே. துடுப்பு தண்ணீருக்குள் இருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்து மறுபடி ஒரு தட்டு. மறுபடி ஒன்று. அவசரமில்லாமல், இடைவெளி விட்டு விட்டு.

"பதில் வந்துடுச்சே அக்கா," என்றாள் டாக்டரின் மனைவி.

"கேள்வியே கேக்கலைம்மா," என்றாள் அவள்.

சத்தம் வந்த பக்கம் போனாள். வாய்க்கால் வழியாகப் போகாமல் திட்டின் ஓரமாக, நாணலை விலக்கிக்கொண்டு போனாள். பிரிவுக்குக் கொஞ்சம் முன்னால், பின்படகு நின்றிருந்தது. டாக்டரின் மாமியார் லைஃப் ஜாக்கெட்டில் தாடையைப் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் குடை. அவருக்குப் பின்னால் படகுக்காரர். அவருடைய இடதுபக்கமாக, ஒரு படகு நீளம்கூட இல்லாத தூரத்தில் அவள் நாணலுக்குள் நின்றாள்.

"அம்மா தூங்கறாங்க," என்று டாக்டரின் மனைவி சிரிக்கப் போனாள். அவள் கையைக் காட்டி அடக்கினாள்.

துடுப்பை எடுத்து விளிம்பில் இரண்டு தட்டு தட்டினாள். அந்த மௌனத்தில் அது கதவைத் தட்டிய மாதிரி கேட்டது. பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கொக்கு எழும்பிப் பறந்தது.

அவர் திரும்பவில்லை.

கொக்கை மட்டும் பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்து, வலதுபக்கத்தை முன்னால் நீட்டி, இரண்டு வாய்க்கால் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். யாரோ வரப்போவதாகச் சொன்ன வீட்டு வாசலில் நிற்பவர் மாதிரி இருந்தது அவர் முகம். அப்புறம் துடுப்பைத் தூக்கி ஒரு தட்டுத் தட்டினார். காத்திருந்தார். இன்னொரு தட்டு. யாரும் கேட்காத கேள்விக்கு அவர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். எந்த நேரத்தில் அவள் கேட்டிருந்தாலும் ஒரு பதில் இருக்கட்டும் என்பதுபோல.

அவள் நாணல் தண்டைப் பிடித்துக்கொண்டாள். சாப்பிட உட்காரும்போது ஒருநாள் காரணமில்லாமல் அவர் இடம் மாறி உட்கார்ந்தது நினைவு வந்தது. கட்டிலிலும் சுவர்ப்பக்கம் மாறிப் படுத்தது. ரேடியோவை உரக்க வைத்தது. முணுமுணுக்கிறாய் என்றது. எல்லாரும் சிரித்தபின் சிரித்தது.

"என்ன அக்கா?"

"ஒண்ணுமில்லைம்மா. சுத்திப் போவோம்."

படகைப் பின்னால் இழுத்து, திட்டைச் சுற்றி, வாய்க்கால் வழியாக அவருக்கு நேர் எதிரே வந்தாள். அவளைக் கண்டதும் அவர் தோள் இறங்கியது.

"எந்தப் பக்கம் போனீங்கன்னு தெரியலை, அதான் நின்னுட்டேன்," என்றார் அவசரமாக. "பதில் சொல்லிட்டேதான் இருந்தேன்."

"கேட்டுச்சு," என்றாள் அவள், அவர் முகத்துக்கு நேராக, வாயை நன்றாகத் திறந்து. "அதான் வந்தேன்."

மேட்டுக்குப் போனபோது வெயில் இன்னும் இருந்தது. கூடாரங்கள் எழுந்தன. கேமராக்காரர் முழங்கால்வரை சேற்றில் நின்று ஒரு தவளையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அட்டை ஒன்று அவர் கெண்டைக்காலில் ஏறியிருந்ததை டாக்டர் பார்த்தும் சொல்லாமல் வேடிக்கை பார்த்தார். படகுக்காரர் தள்ளிப்போய்ச் சுள்ளி உடைத்துக்கொண்டிருந்தார். அவள் உருளைக்கிழங்கு அரிய, மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். நான் பேசறதுக்கெல்லாம் தலையாட்டிட்டே வந்தார். எங்க வீட்டுல நான் ஒரு வார்த்தை பேசினா மாப்பிள்ளை எழுந்து போயிடுவார்."

"அப்படியா."

"எனக்கு ஒரு வேலைகூடக் குடுத்தார். முன்னாடி டொக் டொக்னு சத்தம் வந்தா கையைத் தூக்குங்கம்மா, அதான் இங்க வழக்கம், முன்னாடி உக்காந்திருக்கறவங்கதான் தூக்கணும்னார். நானும் தூக்கிட்டே வந்தேன். நான் கையைத் தூக்கினதும் அவர் ஒரு தட்டு தட்டுவார். நல்லா இருந்துச்சு. அப்புறம் எப்ப கண்ணு சொருகுச்சுன்னு தெரியலை. சொல்லிடாதே, பாவம், என்னை நம்பிக் குடுத்தார்."

"சொல்லமாட்டேம்மா."

"வெங்காயம் நான்தானே உரிக்கறேன், உனக்கு ஏன் கண்ணு கலங்குது?"

"பக்கத்துல இருந்தாலும் எரியும்," என்றாள் அவள்.

சாப்பாடு முடிந்தது. சட்டியில் அடிப்பிடித்த கிழங்கைச் சுரண்டித் தின்றது டாக்டர்தான். வானம் மஞ்சளாகி, நாணலின் நுனிகள் மட்டும் வெயிலில் இருந்தன. படகுக்காரர் தண்ணீர் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் சட்டியை எடுத்துக்கொண்டு போய் அவருக்கு இடதுபக்கம், கொஞ்சம் பின்னால் உட்கார்ந்தாள். வந்தவர்கள் தள்ளி அடுப்பருகே இருந்தார்கள்.

"ஏங்க," என்றாள், வீட்டில் பேசுகிற குரலில்.

அவர் ஒரு தட்டை அலசிக் கவிழ்த்தார்.

"உங்க மூக்குல கரி ஒட்டியிருக்கு."

அடுத்த தட்டை எடுத்தார்.

"நம்ம கல்யாணத்தன்னைக்கு உங்க வேட்டி நழுவினதை நான் பாத்தேன். இத்தனை நாள் சொல்லலை."

அவர் மணலை எடுத்துத் தட்டைத் தேய்த்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அது வேறாக மாறியது. சட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இன்னும் தணிந்த குரலில் கேட்டாள்:

"பொண்டாட்டியை விட்டுட்டுப் போனவன்னு நான் நினைச்சாப் பரவாயில்லை, காது கேக்கலைன்னு நினைச்சா மட்டும் ஆகாதா?"

தண்ணீரில் ஒரு மீன் துள்ளி விழுந்தது. அதை அவர் கண்ணால் பார்த்தார்.

அவள் எழுந்து அவருடைய வலதுபக்கம் போய், பக்கத்தில் உட்கார்ந்தாள். "தேத்தண்ணி வேணுமா?" என்றாள்.

"வேணும்," என்றார் உடனே. "சக்கரை கொஞ்சம் தூக்கலா."

"மூக்குல கரி."

அவர் புறங்கையால் துடைத்தார். கரி கன்னம் முழுவதும் பரவியது.

மூன்றாம் நாள், புறப்படும் காலையில் மூட்டம் போட்டிருந்தது, மழை இல்லை. அவள் சாமான்களைப் படகுகளில் வைத்தபடியே, "இன்னைக்கு ஆள் மாத்தி உக்காருவோம்," என்றாள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "டாக்டரும் அவர் சிநேகிதரும் பின்படகு. நேத்துப் பூரா அக்கம்பக்கம் சுத்திக் கை பழகிடுச்சு. நான் தட்டினா நீங்க ஒரு தட்டுத் தட்டணும். அம்மாவும் பொண்ணும் நடுப்படகு. எங்களை ஒட்டியே பின்னாடி வருவீங்க. நாங்க ரெண்டு பேரும் முன்படகு."

"ரெண்டு பேரும் ஒரே படகுலயா?" என்றார் படகுக்காரர். அவள் அவருடைய வலதுபக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"ஏன், முழுகிடுமா?"

"அதுக்கில்லை." படகின் பின் இருக்கையை நோக்கிப் போனார். அவர் இடம் எப்போதும் அதுதான்.

"அங்க நான்," என்றாள் அவள். "நீங்க முன்னாடி உக்காருங்க. உங்க கண்ணுக்குத்தான் வழி முதல்ல தெரியும். கையைக் காட்டுங்க, நான் திருப்பறேன்."

அவர் ஒரு காலைத் தண்ணீரிலும் ஒரு காலைக் கரையிலுமாக வைத்து நின்றார். "பின்னாடி நீ இருந்தா, நீ கூப்பிடறது..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"கூப்பிடமாட்டேன்."

"தட்டறது–"

"அது பின்படகுக்கு. பதில் எனக்குக் கேக்கும், நான் பாத்துக்கறேன். உங்களைக் கூப்பிடணும்னா..." அவள் துடுப்பைத் திருப்பிப் பிடித்து, ஈரம்படாத கைப்பிடி முனையால் அவர் முதுகில் இரண்டு தடவை மெல்லத் தொட்டாள். "இப்படி."

அவர் அவளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவள் படகுக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள், அது ஏற்கெனவே அவிழ்ந்திருந்தது. நாணலுக்குள் எங்கோ ஒரு பறவை விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"என்னைக்குத் தெரியும்?" என்றார்.

"முந்தாநாள். நீங்க நின்னு பதில் சொல்லிட்டிருந்தீங்களே, பக்கத்துலதான் இருந்தேன்."

அவர் கரையிலிருந்த காலையும் தண்ணீருக்குள் எடுத்து வைத்தார். "இடதுபக்கம் சுத்தமாக் கேக்கலை," என்றார். "இந்தப் பக்கம் பாதி."

"பாதி போதும். அண்ணி பேசறதுக்குப் பாதியே அதிகம்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் முன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

படகுகள் நாணலுக்குள் நுழைந்தன. முன்னால் அவர் கை இடதென்று காட்டினால் அவள் இடது திருப்பினாள், வலதென்றால் வலது. ஒரு தடவைகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நடுப்படகில் மாமியார் மகளுக்கு யாரோ ஒரு உறவுக்காரியின் வீட்டு விஷயத்தை முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தார். அவள் வளைவுக்கு வளைவு விளிம்பில் இரண்டு தட்டினாள். பின்னாலிருந்து டாக்டர் ஒரு தட்டு தட்டினார், சில சமயம் உற்சாகத்தில் இரண்டு. பிரிவு வந்தது. அந்தத் திட்டு காற்றுக்கு விலகிப்போய், இரண்டு வாயும் திறந்திருந்தன.

அதைத் தாண்டி நேரான வாய்க்காலுக்கு வந்ததும் அவள் துடுப்பைத் திருப்பி அவர் முதுகில் இரண்டு தடவை தொட்டாள். அவர் தலை அசையவில்லை. துடுப்பை எடுத்து விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு தண்ணீரில் இறக்கி, முன்போலவே இழுக்கத் தொடங்கினார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. ஏரியின் வெளிச்சம் நாணலுக்கு அப்பால் தெரிந்தது.

"எங்க அக்காவை வேற ஆள் பாத்துக்கச் சொல்லப் போறேன்," என்றாள் அவள், அந்த முதுகைப் பார்த்து. "கேக்குதாங்க?"